கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்



அன்னூரில் வாழும் நமக்குக் கடல் என்பது தொலைவிலுள்ள உறவினர் வீட்டைப் போன்றது. ஆண்டுக்கொரு முறையோ, திருயாத்திரையின்போதோ சென்று பார்த்துவிட்டு வருவோம். மற்ற நாள்களில் அதை நினைப்பதில்லை. நமது மண் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கிணறு வற்றும். 1000 அடி தோண்டிய ஆழ்குழாயும் சில வேளைகளில் புழுதியையே கக்கும். அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தின் நீருக்காக நம் பெரியவர்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதையும், 2024 ஆகஸ்டில் அத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டபோது எவ்வளவு மகிழ்ந்தனர் என்பதையும் நாம் அறிவோம்.

இத்தகைய ஊரில், கோடை நாளொன்றில் வீடு மந்திரிக்கச் சென்ற ஓர் இல்லத்தில், முன்னறையிலேயே ஒரு கடலைக் கண்டு வியந்து நின்றோம்.

நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி. மேலே நீல நிற விளக்குகள். உள்ளே கற்கள், மணல், ஓயாது அசைந்துகொண்டிருக்கும் நீர். அந்நீரில் மூன்று பவளங்கள். ஒன்று கலைமான் கொம்பைப் போலக் கிளைத்திருந்தது. மற்றொன்று மூளையைப் போல மடிப்பு மடிப்பாயிருந்தது. மூன்றாவது, காற்றில் ஆடும் பூங்கொத்தைப் போல மெல்லிய விரல்களை நீட்டிக்கொண்டிருந்தது. நூற்பாலை ஒன்றில் மின்பணியாளராக இருக்கும் அவ்வீட்டு இளைஞர் தம் இரண்டு மாதச் சம்பளத்தை அதில் கொட்டியிருந்தார். விளக்குகளைத் தாமே பொருத்தியிருந்தார். அவர் முகத்தில் பெருமிதம் தெரிந்தது.

அன்னையாரின் முகத்திலோ வேறொன்று தெரிந்தது. "ஏனுங்க சாமி, குடிக்கத் தண்ணியில்லாத ஊருக்குள்ள இவன் கடலைக் கொண்டாந்து வெச்சிருக்கானுங்க. நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நாம் சிரித்துவிட்டு, வீட்டை மந்திரித்துவிட்டு, காப்பியும் அருந்திவிட்டு வந்துவிட்டோம். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு நாம் சொல்லவில்லை.

இரண்டு திங்கள் சென்றபின் ஒரு மாலையில் அவ்விளைஞர் பங்கு இல்லத்திற்கு வந்தார். முதல் நாள் இரவு பெருங்காற்றில் மின்மாற்றி பழுதுபட்டு, விடியும் வரை மின்சாரம் இல்லை. தொட்டியில் நீரோட்டம் நின்றது. மறுநாள் காலையில் மூளைப் பவளமும் பூங்கொத்துப் பவளமும் கூழாகிக் கரைந்துகொண்டிருந்தன. கொம்புப் பவளம் மட்டும் எஞ்சியிருந்தது. அதுவும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. "இதையாச்சும் காப்பாத்தோணுங்க சாமி. படிச்சவங்க யாரையாச்சும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

குருமடத்தில் நம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் பின்னாளில் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் கூறியவற்றையும், அதன்பின் நாம் தேடிப் படித்தவற்றையும் இங்குத் தொகுத்துத் தருகிறோம். முடிவில் அவர் சொன்ன ஒரு செய்தி நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அதையும் மறைக்காமல் கூறுவோம்.

செடியோ, கல்லோ, உயிரோ?

நம் முன்னோர் பவளத்தைக் 'கொடி' என்றே கருதினர். பவளக்கொடி என்னும் பெயரே அதற்குச் சான்று. மேனாட்டவரும் நெடுங்காலம் அதைச் செடி என்றே நம்பினர். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெய்சொனல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பவளம் சிற்றுயிர்களின் குடியிருப்பு என்று கண்டறிந்து கூறியபோது பாரிசு நகரத்து அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. பின்னரே உண்மை விளங்கிற்று.

பவளம் ஓர் உயிரினம். பை போன்ற உடல், அதன் வாயைச் சுற்றி விரல்கள்; இவ்வளவே அதன் அமைப்பு. பல இனங்களில் ஒவ்வோர் உயிரும் நெல்மணி அளவே இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி வாழும். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துத் தம் அடியில் கல்வீடு கட்டும். கிளைத்து வளரும் இனம் ஓராண்டில் சாண் நீளத்தில் பாதி வளர்ந்தாலே மிகுதி. பாறை போல் திரண்டு வளரும் இனங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. ஆள் உயரப் பவளப் பாறை ஒன்று நம் பாட்டனாருக்குப் பாட்டனார் பிறந்த நாளில் தோன்றியதாயிருக்கலாம்.

இவ்வுயிரின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரொளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்குடையவனுக்கு வாடகையாகத் தருகின்றன. பாறை கட்டும் பவளத்தின் உணவுத் தேவையில் 90 விழுக்காடு வரையும் இவ்வழியே கிடைக்கக்கூடும். பவளத்திற்கு நிறம் தருவனவும் பெரும்பாலும் இப்பாசிகளே. நீரின் வெப்பம் சற்றே கூடினாலும் இக்கூட்டுக் குடும்பம் கலைகிறது. பாசிகள் வெளியேற, வெண்மையான கல் மட்டும் தசையினூடே தெரியும். இதையே 'வெளிறல்' என்பர். வெளிறிய பவளம் அந்நொடியே இறந்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. விரைவில் வெப்பம் தணிந்தால் பாசிகள் திரும்பும், தணியாவிடில் இறக்கும். நம் இளைஞரின் கொம்புப் பவளம் அந்நிலையில்தான் இருந்தது.

தொட்டிக்குள் கடலை வைத்திருப்பது எப்படி?

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கும் வழியை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்தில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். 1960-களின் தொடக்கத்திலேயே தம் முறையை எழுதி வெளியிட்டார். கடலுக்கருகில் இருந்த அவர், உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறைத் துண்டுகளையும் தூய கடல்நீரையும் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்து, கதிரொளி படும்படி வைத்தார். அப்பாறைகளில் வாழும் பாக்டீரியாக்களே தொட்டியின் துப்புரவுப் பணியாளர்கள். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும்; ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் நஞ்சே; மற்றொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இத்துப்புரவுக் குடும்பம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். தொட்டி வாங்கிய மறுநாளே உயிரை விடுகிறவர், அடித்தளம் காயுமுன் மேல்மாடி கட்டுகின்றவர் ஆவார்.

லீ சின் எங்குக்குக் கடல் அருகிலிருந்தது. நமக்கு இல்லை. நம் ஆழ்குழாய் நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. அதை அப்படியே பயன்படுத்துதல் இயலாது. சவ்வு வழியே வடிகட்டும் பொறியில் தூய்மை செய்து, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைத்தல் வேண்டும். சமையல் உப்பு உதவாது. நீர் ஆவியாகும்போது உப்பு எஞ்சிவிடுமாதலால், நாள்தோறும் குறையும் அளவுக்கு உப்பில்லா நீரையே ஊற்ற வேண்டும். வீட்டுப் பொறி ஒரு குடம் தூய நீர் தருவதற்கு இரண்டு, மூன்று குடம் நீரைக் கழிவாகத் தள்ளும். அன்னையார் முணுமுணுத்ததன் பொருள் இப்போது நமக்கு விளங்கிற்று. அந்தக் கழிவு நீரைப் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் அவர்தாம் எடுத்துப் பயன்படுத்தி வந்தார்.

அடுத்தது வெப்பம். தொட்டிப் பவளத்திற்கு 24 முதல் 27 பாகை செல்சியசு வரை ஏற்றது. நம் ஊரின் சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டுக்குள், விளக்கின் சூடும் சேர, நீர் 30 பாகையை எளிதில் கடந்துவிடும். குளிரூட்டும் பொறியின்றி இங்குத் தொட்டிப் பவளம் கோடையைக் கடத்தல் அரிது. அப்பொறிக்கும், நீரோட்டம் தரும் பொறிகளுக்கும், விளக்குக்கும் இடையறாத மின்சாரம் வேண்டும். நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் நீரிலுள்ள உயிர்வளி குறைந்துவிடும்; ஓருயிர் இறந்து அழுகினால் அந்நஞ்சு மற்றவற்றையும் கொல்லும். அன்றிரவு நடந்தது இதுவே. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பொறி ஒன்று கைவசம் இருந்திருந்தால் பிழைத்திருக்கவும் கூடும் என்றார் நண்பர்.

பின்னர் சுண்ணாம்பு. லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவில் கால்சியம் இருத்தல் வேண்டும். பவளம் வளர வளர அது குறையும். ஈடு செய்தல் வேண்டும். அதற்கு மேனாட்டார் கையாளும் பழைய முறை என்னவென்று கேட்டபோது நமக்கு வியப்பாயிருந்தது. தூய சுண்ணாம்பை நீரில் கரைத்து, தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுவதாம். நம் பாட்டிமார் கைவைத்தியத்துக்கு எடுத்துவைக்கும் சுண்ணாம்புத் தெளிநீரேதான்! ஆனால் ஒரே வேளையில் மிகுதியாக ஊற்றினால் அதுவே தொட்டியை அழித்துவிடும்.

ஒளியும் இவ்வாறே. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். அதுவும் திடீரென்று கூட்டாமல் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். மீனுக்கு அள்ளி அள்ளி இரை போடுதல் கூடாது. மிஞ்சிய இரை அழுகி வேண்டாத பாசியை வளர்க்கும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் நலம். கைகளில் சோப்போ, பூச்சிமருந்தோ, எண்ணெயோ படிந்திருக்கையில் தொட்டிக்குள் கையிடலாகாது.

எல்லாவற்றையும் கூறிவிட்டு நண்பர் ஒரு வாக்கியத்தில் முடித்தார்: "எந்த அளவு சிறந்தது என்பதைவிட, எந்த அளவும் மாறாதிருப்பதே பவளத்திற்கு முதன்மை." குழந்தை வளர்ப்புக்கும் இது பொருந்தும் என்று நமக்குத் தோன்றிற்று. ஒருநாள் அளவற்ற கொஞ்சல், மறுநாள் அளவற்ற கண்டிப்பு என்றிருக்கும் வீட்டில் பிள்ளைகள் வாடுவதைப் பங்குத் தந்தையர் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

நண்பர் கடைசியாகச் சொன்னது

தொலைபேசியை வைக்கப் போகையில் அவர் கேட்டார்: "அது சரி, அந்தப் பையன் இதை எங்கே வாங்கினான்? சட்டம் தெரியுமா அவனுக்கு?"

தெரியாது. உண்மையைச் சொன்னால், நமக்கும் தெரியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டில் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல்விசிறி ஆகியனவும் உடன் சேர்க்கப்பட்டன. கடல் அட்டையும் கடற்குதிரையும்கூட அவ்வாண்டில்தான் அப்பட்டியலில் இடம் பெற்றன. புலிக்கும் யானைக்கும் எந்தப் பாதுகாப்போ, அதே பாதுகாப்பு அந்த விரலளவுப் பவளத்திற்கும் உண்டு. கடலிலிருந்து எடுத்தல், விற்றல், வாங்கல், வைத்திருத்தல் எல்லாம் குற்றம். தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஏழாண்டு வரை நீளலாம். உயிருள்ளதற்கு மட்டுமன்று, இறந்துபோன வெண்கல்லுக்கும் இது பொருந்தும். "இது வெளிநாட்டுச் சரக்கு" என்று விற்பவர் சொல்லலாம். பன்னாட்டு ஒப்பந்தமும் பவள வாணிகத்துக்கு உரிய அனுமதித் தாள்களைக் கோருகிறது. தாள் இல்லாத வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

இளைஞரை அழைத்து இவற்றையெல்லாம் விளக்கினோம். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு தலையை உயர்த்தினார். அவர் பார்வை நம் எழுதுமேசையின்மேல் நின்றது.

"அப்படீன்னா இது என்னங்க சாமி?"

நம் மேசைமேல், காகிதங்கள் பறக்காதிருக்கப் பாரமாக, கையளவு வெண்பவளம் ஒன்று இருந்தது. குருமட மாணவராயிருக்கையில் இராமேசுவரத்துக்குச் சுற்றுலா சென்றபோது, கடற்கரைக் கடை ஒன்றில் பேரம் பேசி வாங்கியது. அந்நாளில் அது குற்றமன்று. ஆயின் 2001-க்குப் பின்னும் அது நம்முடனேயே இருந்தது. பங்கு மாறும்தோறும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து நாமே எடுத்துச் சென்றோம். அதைக் கையில் ஏந்திச் சிறுவர்களுக்குப் படைப்பின் அழகைக் கூட விளக்கியதுண்டு. அது ஒரு காலத்தில் உயிராயிருந்தது என்பதை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஊருக்கு உபதேசம் செய்பவர் மேசையில் உபதேசத்துக்கு மாறான பொருள்! சற்று நேரம் நமக்குப் பேச்சே எழவில்லை.

"இதுவும் அதுவும் ஒன்றுதான், தம்பி" என்றோம். "நீங்கள் ஆறு மாதம் வைத்திருந்தீர்கள், நாம் முப்பது ஆண்டுக்கு மேல் வைத்திருக்கிறோம்."

அவ்வாரத்திலேயே கொம்புப் பவளமும் இறந்தது. இறந்ததைக் குப்பையில் எறிந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று உறவினர் சிலர் அவருக்கு அறிவுரை கூறினர். கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்றார் மற்றொருவர். அதுவும் தவறே, எங்கிருந்தோ வந்ததைப் புதுக் கடலில் விட்டால், அதனோடு வரும் நோயும் ஒட்டுயிர்களும் அங்குள்ளவற்றைத் தாக்கும். அவருக்கு அச்சம் மிகுதியாயிருந்தது. வேலை போய்விடுமோ, தங்கையின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்று அன்னையாரும் கலங்கினார். சட்டம் அறிந்த பங்கு அன்பர் ஒருவரைக் கலந்து பேசினோம். முடிவில் மூவருமாக வனத்துறை அலுவலகத்துக்குச் சென்றோம். ஒரு பையில் இளைஞரின் மூன்று பவளக் கற்கள். இன்னொரு பையில் நம்முடைய ஒரு கல்.

நாங்கள் அஞ்சியவாறு எதுவும் நிகழவில்லை. நீண்ட நேரம் வினவினர், எழுதி வாங்கினர், எச்சரித்தனர். விற்றவரைப் பற்றிக் கேட்டபோது இளைஞர் அறிந்ததை ஒளிக்காமல் சொன்னார். திரும்பி வருகையில், "கல்லு போனதுகூடப் பெருசில்லைங்க சாமி. அது செத்ததே எனக்குத் தெரியாம, மூணு நாள் லைட்டுப் போட்டு வெச்சிருந்தேனுங்க" என்றார். அச்சொல் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

நம் கடற்கரையில் இருக்கும் பெரிய தொட்டி

பவளத்தைக் காப்பதற்குரிய இடம் முன்னறை அன்று எனில், எது? இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்து பவளப் பாறைகளும் இருக்கின்றன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட கடினப் பவள இனங்கள் அங்குப் பதிவாகியுள்ளன. அத்தீவுகளுள் ஒன்றின் பெயர் குருசடை. கேட்டவுடன் நம்மவர் செவிக்குக் 'குருசடி' நினைவுக்கு வரும். கரையோர மீனவர் இப்பாறைகளைப் 'பார்' என்பர். கல்லை 'முருகைக்கல்' என்பர். மீன் குஞ்சுகளின் தொட்டிலும், கரைக்கு அலைதாங்கும் மதிலும் இப்பார்களே.

அந்த மதிலை நாமே இடித்தோம். பல பத்தாண்டுகள் தூத்துக்குடிப் பகுதியில் பவளக் கற்களைக் கடலினின்று பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்பு சுட்டனர், தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினர், வீடு கட்டினர். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக் கோவிலின் இடிந்த சுவர்களைப் பார்த்தவர்கள், அக்கற்களில் பூப்போன்ற வடிவங்களைக் கண்டிருக்கலாம். அவை பவளக் கற்களே. சட்டம் இறுகி, 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அத்தொழில் ஓய்ந்தது. அதற்குள் ஏறத்தாழ 110 சதுரக் கிலோமீட்டர்ப் பவளப் பரப்பில் 32 சதுரக் கிலோமீட்டர் அளவு சீரழிந்துவிட்டது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் மூழ்கின. கல்லை எடுத்த கை எளியவர் கை, வயிற்றுப்பாட்டுக்காக எடுத்தனர். அக்கல்லில் எழுந்த மாடிகளோ எளியவருடையன அல்ல.

இப்போது வந்திருக்கும் பகை வெப்பம். தொட்டியில் நேர்ந்தது கடலிலும் நேர்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கோடை வெப்பம் மிகுந்து மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறின. 2016-ஆம் ஆண்டு வெளிறலில் மட்டும், கடலடியில் 100 பங்குக்கு 39 பங்கு அளவிலிருந்த உயிர்ப் பவளப் பரப்பு 23 பங்களவுக்குச் சுருங்கிற்று. உலகெங்கும் நான்காம் முறையாகப் பெரும் வெளிறல் நிகழ்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவியலார் அறிவித்தனர். கடலுக்குக் குளிரூட்டும் பொறி இல்லை. நாம் எரிக்கும் எரிபொருளின் சூடு இறுதியில் அங்குப் போய்ச் சேருகிறது.

ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் பவள நடவு செய்து வருகின்றனர். நலமாக உள்ள பவளத்தின் சிறு கிளைகளைச் சிமிட்டிச் சட்டங்களில் கட்டி, கடலடியில் வைத்து, பாசியும் பகையுயிர்களும் அண்டாமல் பேணுகின்றனர். கரும்புக் கரணை நடும் உழவர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் தமிழக அரசின் முயற்சியால் செயற்கைப் பாறைகள் அலை வரும் பக்கத்தில் இறக்கப்பட்டன, கரையரிப்பு தணிந்தது, மீனும் பவளமும் அவற்றில் குடியேறின. பவளத்தை நலமாக வைத்திருக்கும் கலையைக் கற்க விரும்பும் நம் பிள்ளைகள் கடல் உயிரியல் பயின்று அங்குச் செல்லட்டும். அதற்குச் சட்டத் தடை இல்லை. நாட்டுக்குத் தேவையும் உண்டு.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

உயிருள்ள பவளத்தையோ, கடற்கரைக் கடைகளில் விற்கும் பவளப் பூவையோ வாங்காதீர்கள். பழையது ஏதேனும் அலமாரியில் இருப்பின், நம்மைப் போல் முப்பது ஆண்டு காத்திராதீர்கள். சட்டம் அறிந்தவரைக் கலந்து, உரிய இடத்தில் சேருங்கள்.

கடல் மீன் வளர்க்க ஆசையிருப்பின், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த மீனையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் இயங்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை வகுத்துள்ளனர். கடலிலிருந்து பிடிக்காத மீன் அது. தொட்டி வாழ்வுக்குப் பழகியதும் ஆகும். அங்குள்ள மீன் காட்சிச் சாலையை, இராமேசுவரம் செல்லும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார் உள்ள ஆழமற்ற கடலில் இறங்கினால் கல்லின்மேல் மிதிக்காதீர்கள். கால் பட்ட இடத்தில் பல்லாண்டு வளர்ச்சி நசுங்கும்.

முதல் தொட்டி வைப்பவருக்கு நன்னீர் மீனே போதும். செலவும் குறைவு, நீரும் குறைவு. ஆனால் சலிப்பு ஏற்பட்டதும் அந்த மீனைக் குளத்தில் விடாதீர்கள். நெடுநாள் காத்திருந்து நிரம்பிய நம் குளங்களில் அயல் மீன் பெருகினால் நாட்டு மீன் அழியும்.

அந்த இளைஞரின் தொட்டி இன்றும் அவ்வீட்டு முன்னறையில் இருக்கிறது. நீலவிளக்கு இல்லை, குளிரூட்டும் பொறி விற்றாகிவிட்டது. நன்னீரில் ஆறு சிறு மீன்கள் திரிகின்றன. நீர் மாற்றும் நாளில் பழைய நீரை அன்னையார் முருங்கை மரத்துக்கு ஊற்றுகிறார். அதில் உப்பில்லாததால் மரம் தழைத்திருக்கிறது. சென்ற வாரம் அவ்வழியே போகையில் ஒரு கைப்பிடி கீரையைப் பறித்து நம்மிடம் தந்து, "மீனுத் தண்ணிக் கீரைங்க சாமி" என்றார்.

நம் மேசையில் காகிதங்கள் பறக்காதிருக்க இப்போது வைத்திருப்பது, கோவில் வளாகத்தில் கிடந்த ஒரு கருங்கல். அதுவே போதுமானதாயிருக்கிறது.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.